அப்பன் பெயர் தெரியாத செடி

அத்தியாயம் ஐந்து

வந்தவள் மடியில் தொட்டி. தொட்டியில் ஒரு செடி. மேஜைமேல் வைக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள்.

"இருக்கட்டும். பழகிடுச்சு."

எதிரே தந்தி உட்கார்ந்திருந்தாள். அது அவள் பெயரல்ல. வார்த்தைக்குக் கட்டணம் என்பதுபோல் பேசுவதால் ஒட்டிக்கொண்டது. ஜன்னலோரம் நின்றவன் அவளுடைய உதவியாளன். அவனை ரேடியோ என்பார்கள். அதற்குக் காரணம் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும்.

கீழே டயர் கடை. மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகம் முழுக்க ரப்பர் வாசனை.

"நீங்களும் உக்காருங்க தம்பி" என்றாள் வந்தவள். அந்த வார்த்தையைச் சொன்னதும் பார்வை செடிக்குத் திரும்பியது.

ரேடியோ உட்கார்ந்தான். "அக்கா, இது என்ன செடி? அன்னாசிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கு."

"அன்னாசிக் குடும்பம்தான். அதுவரைக்கும் எல்லாரும் ஒத்துக்கறாங்க. அதுக்கு மேல ஆளுக்கொரு பேர் சொல்றாங்க."

"தெரியாமலா வளர்த்தீங்க?"

"விதையிலேர்ந்து வளர்த்தது. என் தம்பி கொண்டுவந்தான். ஏதோ ஹோட்டல் முற்றத்துல பெரிய செடி இருந்துச்சாம். யாரும் பாக்காதப்ப பழத்தை உருவிட்டான். பட்டாணி அளவு. நசுக்கினா விதை பிசுபிசுன்னு விரல்ல ஒட்டும். ரெண்டு பேரும் ஈரத் தாள்ல பரப்பி வச்சோம். முளைச்சதுல இது ஒண்ணுதான் நின்னுச்சு."

"அப்ப ஹோட்டல் செடி பேரையே இதுக்கும் வச்சிடலாமே?"

"கூடாது. அது அம்மா. எந்தச் செடி மகரந்தம் வந்து ஒட்டுச்சோ அதுதான் அப்பா. அது யாருன்னு யாருக்கும் தெரியாது. செடி வளர்க்கறவங்க சங்கத்துல காட்டினேன். பூ வந்தா சொல்றோம்னாங்க. போன வருஷம் பூத்துச்சு. அப்பவும் உதட்டைப் பிதுக்கிட்டாங்க."

"அப்பன் பேர் தெரியாத செடி."

"ஆமா. அதனால உலகத்துல இது ஒண்ணுதான். அதே பழத்து விதை இன்னொண்ணு முளைச்சிருந்தாலும் வேற மாதிரிதான் இருக்கும். கூடப் பொறந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரியா இருக்காங்க?"

ஒரு இலையைத் தூக்கிக் காட்டினாள். குறுக்கே வெள்ளி வரிகள். நுனியில் ஒரு சிவப்பு. கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தியதுபோல. எல்லா இலைகளிலும் அது இருந்தது.

"போன வாரம் பல் டாக்டர் கிளினிக்ல இந்தச் செடியைப் பாத்தேன்."

தந்தி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"இது மாதிரியா? இதுவேயா?"

"இதுவே. நான் கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவ. முடியளவு வித்தியாசம்னாலும் என் கண்ணுக்குத் தப்பாது."

"விதையில வந்தது அச்சு அசலா வராது. அப்ப எப்படி?"

"கன்னு. பூத்தப்புறம் அம்மாச் செடி மெல்லக் காய ஆரம்பிச்சிடும். காயறதுக்குள்ள பக்கத்துல கன்னு விடும். கன்னு மட்டும்தான் அம்மாவை உரிச்சு வச்ச மாதிரி இருக்கும்."

தொட்டியைத் திருப்பினாள். காயத் தொடங்கிய செடியின் வலப்புறம் ஒரு கன்று. இடப்புறம் கன்று இருந்த இடத்தில் ஒரு சிறு அடிக்கட்டை மட்டும். தட்டையாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

"இங்கயும் ஒண்ணு வந்துச்சு. ஒரு நாள் பாத்தா இல்ல. எலின்னு நெனச்சேன்."

"எலி பிளேடு எடுத்துக்கிட்டா வருது?" என்றான் ரேடியோ.

"வீட்டுக்கு யார் வருவாங்க?" தந்தி கேட்டாள்.

"யாரும் வர மாட்டாங்க."

வெளியே வெயிலடிக்கிறது என்பதைப்போல அதைச் சொன்னாள்.

"வேற ஏதாவது கவனிச்சீங்களா?"

"இலைங்க நடுவுல கிண்ணம் மாதிரி இருக்குல்ல, இதுக்குத் தண்ணி அதுலதான் ஊத்தணும். நான் வெளியூர் போனா காஞ்சிருக்கணும். திரும்பி வந்தா நிறைஞ்சிருக்கும். என் பால்கனிக்குக் கூரை உண்டு. மழை வராது." தொட்டியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தாள். "என் தம்பிதான் வந்துட்டுப் போறான். நாளைக்குக் கோர்ட். அவன் செத்துட்டான்னு சொல்லப்போறாங்க."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. தம்பி ஒரு மாலை பல்பு வாங்கிவரக் கடைக்குக் கிளம்பினான். திரும்பவில்லை. அப்போது செடி உள்ளங்கை அளவு. போலீஸ் தேடியது, பிறகு விட்டது. வருஷங்கள் போயின. இப்போது அவன் மனைவி மனுப் போட்டிருக்கிறாள். இத்தனை காலம் தகவல் இல்லாதவரை இறந்தவர் என்று அறிவிக்க வேண்டும் என்று. அவளுக்கு வேறு ஒருவரோடு கல்யாணம் பேசியாகிவிட்டது.

"நான் எழுந்து ஆட்சேபணை சொன்னா விசாரணை தொடரும். சொல்லலைன்னா நாளைக்கே முடிஞ்சிடும். சும்மா எழுந்து நிக்க முடியாது. கையில ஏதாவது வேணும். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இந்தக் கன்னை வெட்டினது அவன்தான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"போகும்போது என்ன எடுத்துட்டுப் போனார்?" என்றாள் தந்தி.

"பல்பு வாங்கப் போறவன் என்னத்தை எடுப்பான்? செருப்பு. போட்டிருந்த கண்ணாடி. அது நான் தேய்ச்சது."

"உங்க வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"அவன்கிட்ட ஒண்ணு இருக்கு. எப்பவும் இருக்கும். அது எங்க அப்பா அம்மா வீடு."

இருக்கு என்று சொன்னாள். இருந்தது என்று சொல்லவில்லை. தந்தி அதைக் கவனித்தாள். 

*

பல் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் ஏழெட்டு நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மிஷின் சத்தம். வெளியே எல்லோரும் கன்னத்தில் கைவைத்துத் தரையைப் பார்த்தார்கள்.

ரேடியோ மூலையிலிருந்த செடிக்குத் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினான்.

"சார், அது பிளாஸ்டிக்" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண்.

"அதான் வாங்கவே மாட்டேங்குது."

நிஜச் செடி மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா தன் தொட்டியை அதன் அருகே தரையில் வைத்தாள். தந்தி குனிந்தாள். வெள்ளி வரி. நுனியில் கட்டைவிரல் மை. முள் இலையின் கீழ்ப் பாதியில் மட்டும். இரண்டிலும்.

"ஒட்டிப் பொறந்ததுங்க" என்றான் ரேடியோ. "வெட்டிப் பிரிச்சதுங்கன்னு சொல்லணுமோ?"

அக்கா கிளினிக் செடியின் கிண்ணத்தில் விரல் விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ரேடியோவின் பாட்டிலை வாங்கி நிரப்பினாள். யாரையும் கேட்கவில்லை.

"இது யார் குடுத்தது?" தந்தி மேஜைப் பெண்ணிடம் கேட்டாள்.

"யாரும் குடுக்கல. வாடகைச் செடி. செடிக்காரர் மாசா மாசம் வந்து வாடினதை எடுத்துட்டு வேற வச்சிட்டுப் போவார்."

"நானே வாடகை வீட்லதான் இருக்கேன். வாடின அன்னிக்கு என்னை மாத்துவாங்களான்னு கேக்கணும்" என்றான் ரேடியோ.

மேஜைப் பெண் சிரித்தாள். பல் வலிக்காரர்கள் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு மதியம் வேலை இருந்தது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்.

"அவன் அடையாளம் ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. வலது காதுல ஒரு மச்சம்."

"குறிச்சுக்கிட்டேன்" என்றாள் தந்தி. அவள் கையில் பேனா இல்லை.

*

செடிக்காரரின் கொட்டகை ஒரு பெட்ரோல் பங்கின் பின்புறம். தகரக் கூரை. அலுவலகங்களிலிருந்து திரும்பிவந்த செடிகள் வரிசையாக நின்றன. ஏ.சி. குளிரில் பழுத்தவை. யாரோ சிகரெட் அணைத்த தொட்டிகள். லிஃப்ட் கதவில் அடிபட்டு நுனி கிழிந்தவை. ஆஸ்பத்திரி வார்டு போலிருந்தது, பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு.

செடிக்காரர் ஒரு இலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதோட பேர் என்ன?" ரேடியோ விசாரித்தான்.

"பேங்க் மேனேஜர்."

"செடி பேர்?"

"அதான் சொன்னேன். பேர் தெரிஞ்சா அந்தப் பேர். தெரியலைன்னா குடுத்தவங்க பேர். பேங்க் மேனேஜர் ஊர் மாறிப் போறப்போ குடுத்தார். இதோ, இது ஹெட்மிஸ்ட்ரஸ். அந்தக் கோடியில இருக்கறது ரிட்டையர்டு. எல்லாம் வீடு காலி பண்றவங்க விட்டுட்டுப் போறதுதான். தூக்கிப் போட மனசு வராது. கூடவே கூட்டிட்டுப் போகவும் வழி இருக்காது."

"பல் கிளினிக்ல மீன் தொட்டி பக்கத்துல இருக்கே, அது?"

"அண்ணியா?" செடிக்காரர் முகம் மலர்ந்தது. "அண்ணி எப்படி இருக்காங்க?"

தந்தியும் ரேடியோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணிக்குத் தண்ணி ஊத்த மாட்டேங்கறாங்க" என்றான் ரேடியோ. "அண்ணின்னு ஏன் பேர்?"

"அது வண்டியில வந்தது. வீட்டுச் சாமான் ஏத்தற டிரைவர் ஒருத்தன் கொண்டுவந்து இறக்கினான். என்ன செடின்னு கேட்டேன். 'பேர் தெரியாதாம், எங்க அண்ணி வீட்டுச் செடின்னு சொன்னாங்க'ன்னான். சரி, அண்ணின்னு வச்சிட்டேன்."

"சொன்னாங்கன்னா? ஆம்பளையா, பொம்பளையா?"

"'சொன்னாங்க'ன்னான் அவன். அதுல ரெண்டுமே அடங்கும். மரியாதை தெரிஞ்ச பையன்."

"மரியாதையால எத்தனை கேஸ் கெட்டுப்போகுது" என்றான் ரேடியோ.

"டிரைவர் எங்க?" என்றாள் தந்தி.

"வேலையை விட்டுட்டான். எங்கேன்னு தெரியாது. ஆனா இன்னொண்ணு சொன்னான். எங்கயாவது நாலு பேர் உக்காருற இடமா பாத்து வைக்கணுமாம். தனியா விடக்கூடாதாம். செடி விஷயத்துல அப்படி யாரும் கேட்டதில்ல. வெளிச்சம் கேப்பாங்க, தண்ணி கேப்பாங்க. ஆள் கேட்டதில்ல. அதான் ஞாபகம் இருக்கு."

மறுபடி இலையைத் துடைக்கத் தொடங்கினார். வேறு யாரும் வராத கொட்டகை. அவர்கள் கிளம்பியபோது வாசல்வரை வந்தார். இன்னும் கொஞ்சம் பேசலாம் என்பதுபோல நின்றார்.

*

ரேடியோ வண்டி ஓட்டினான். வாயும் ஓடியது.

"மேடம், கேஸ் படுத்துடுச்சு. அண்ணின்னா யார்? அண்ணன் பொண்டாட்டி. நம்ம அக்காவுக்குக் கல்யாணமே ஆகல. அப்ப அவங்க யாருக்கும் அண்ணி கிடையாது. தம்பிகாரன் குடுத்திருப்பான்னு பாத்தா, அவனுக்கு அண்ணனே இல்ல. அண்ணன் இல்லாதவன் அண்ணிக்கு எங்க போவான்? ஆக, இது வேற யாரோ வீட்டுச் செடி."

தந்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு கொடி. கொடியில் துணி. துணியை வைத்து வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம்.

"உலகத்துல ஒண்ணுதான்" என்றாள்.

"அது அக்கா சொல்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவங்க கண்ணுக்கு ஒண்ணு. நமக்கு என்ன தெரியும்?"

"நீயும் பாத்தே. நானும் பாத்தேன். அதே செடிதான்."

"அப்ப அண்ணி இடிக்குதே மேடம்."

சிக்னல் விழுந்தது. தந்தி கேட்டாள்:

"உனக்கு அக்கா உண்டுல்ல?"

"ஒண்ணுக்கு ரெண்டு."

"உன் பொண்டாட்டி அவங்களை எப்படிக் கூப்பிடுவா?"

"முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அண்ணின்னுதான்..."

பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"புருஷனோட அக்காவும் அண்ணி" என்றாள் தந்தி.

"அடக் கடவுளே. தம்பி பொண்டாட்டி!" ரேடியோ கியரைத் தட்டினான். "ஆனா சாவி? சாவி தம்பிகிட்டதானே இருக்கு?"

"அவர் எடுத்துட்டுப் போனது செருப்பும் கண்ணாடியும்."

ரேடியோ அடுத்த திருப்பம்வரை ஓட்டினான். பிறகு சொன்னான்:

"அக்காவுக்கு இது நல்ல செய்தி இல்ல மேடம்."

"இல்ல."

*

திரைச்சீலைக் கடை. நான்கு சுவர்களிலும் திரைகள் தொங்கின. எதன் பின்னாலும் ஜன்னல் இல்லை. ஒன்றை விலக்கிப் பார்த்த ரேடியோ சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துவிட்டு மூடினான்.

தம்பி மனைவி பின்கட்டில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நீண்ட மேஜை. வாயில் ஒரு குண்டூசி. யாரென்று சொன்னதும் குண்டூசியை எடுத்து மேஜையில் குத்தினாள்.

"நாளைக்குக் கோர்ட்ல பேசிக்கலாம்னு அண்ணிகிட்ட சொல்லுங்க."

"அண்ணி" என்றாள் தந்தி.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்த வார்த்தைக்காகத்தான் வந்தோம். செடி பல் கிளினிக்ல இருக்கு. ஆளுங்க உக்காருற இடம்தான்."

கத்தரி நின்றது. வெட்டிய துணி மேஜையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. ரேடியோ எடுத்து மடித்து வைத்தான்.

"சாவி எங்க இருந்துச்சு?" என்றாள் தந்தி.

"ஆணியில. எங்க வீட்டுச் சாவியும் அண்ணி வீட்டுச் சாவியும் ஒரே கொத்தா அவர் எப்பவும் மாட்டற ஆணி. கதவை நான் திறந்து விடுவேன்னு நெனச்சுத்தானே போனார்?" குரல் சாதாரணமாக இருந்தது. "முதல்ல ஒரு தடவை போய்க் கேட்டேன். இங்க வரலைன்னாங்க. ஒளிச்சு வச்சிருந்தா நானும் அப்படித்தானே சொல்லுவேன்? அதனால அவங்க வேலைக்குப் போனப்புறம் போய்ப் பாத்தேன்."

"ஒரு தடவையா?"

"ஒரு தடவை பாத்துட்டா நிம்மதி வந்துடுமா? இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வந்திருப்பார்னு தோணும். போயிட்டே இருந்தேன்."

"என்ன தேடினீங்க?" ரேடியோ கேட்டான். முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல்.

"ரெண்டாவது ஆளை. ஷேவிங் பிரஷ், பெரிய செருப்பு, ஏதாவது. ஒண்ணும் இல்ல. ஒரு தட்டு இருக்கும். ஒரு டம்ளர் இருக்கும். கொடியில ஒரு துண்டு. எப்பப் போனாலும் அதேதான். நாற்காலி கூட இம்மி நகர்ந்திருக்காது." ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள். "ஒரு நாள் ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்திருந்துச்சு. அங்கயே தரையில உக்காந்துட்டேன். அப்புறம் எடுத்து மோந்து பாத்தேன். ஒண்ணுல இருமல் மருந்து வாசனை. அவங்களுக்கு உடம்பு சரியில்ல. அவ்வளவுதான்."

முன்கட்டில் யாரோ திரைத்துணிக்கு நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செடி கிண்ணம் காஞ்சிருந்தா தண்ணி ஊத்துவேன். சும்மா வந்துட்டுப் போறோமேன்னு. பூத்தது கூட நான்தான் முதல்ல பாத்தேன்னு நெனக்கறேன். கன்னு வந்ததும் ஒண்ணை எடுத்துக்கிட்டேன். அவர் விட்டுட்டுப் போனதுல வளந்தது அது ஒண்ணுதானே. திருட்டுன்னா திருட்டு."

"ஏன் குடுத்துட்டீங்க?"

"புது வீட்டுக்கு அதை எப்படி எடுத்துட்டுப் போறது? என்ன செடி, எங்கேர்ந்து வந்துச்சுன்னு கட்டிக்கப்போறவர் கேப்பார். நல்லவர்தான். அதனாலதான் எடுத்துட்டுப் போகல."

"மனு எப்பப் போட்டீங்க?"

"அந்த ரெண்டு டம்ளர் அன்னிக்கு முடிவு பண்ணேன். ஒருத்தங்க உடம்பு சரியில்லாமக் கிடக்கறாங்க. தானே எழுந்து, மருந்து கரைச்சுக் குடிச்சு, டம்ளரையும் கழுவி வச்சிட்டு, வேலைக்குப் போயிருக்காங்க. அவர் உயிரோட இருந்தா அந்த வீட்டுக்கு வராம இருப்பாரா? என்னை விட்டாலும் விடுவார். அக்காவை விட மாட்டார்."

தந்தி எழுந்தாள். அவள் அறையிலும் ஒரு டம்ளர்தான். அதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

"அண்ணிகிட்ட சொல்லாதீங்க" என்றாள் தம்பி மனைவி.

"சொல்லணும். அவங்கதான் கேட்டாங்க."

*

கண்ணாடிக் கடையின் பின்னறையில் தேய்க்கும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு லென்ஸை அதில் வைத்து எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். மறுபடி வைத்தாள். தந்தி சொல்லி முடிக்கும்வரை சக்கரத்தை நிறுத்தவில்லை. முடித்த பிறகும் நிறுத்தவில்லை.

"அப்ப அவன் வரல."

"இல்ல."

"ஒரு தடவை கூட."

"இல்ல."

லென்ஸ் ஓரத்தில் சிறு கீறல் விழுந்தது. அதை ஒதுக்கிவைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"பூட்டை உடைக்காமக் கள்ளத்தனமா நுழைஞ்சது குத்தம்" என்றான் ரேடியோ. "நீங்க நெனச்சா நாளைக்கு அதையே எழுந்து சொல்லலாம். மனுவைத் தள்ளிப் போட வக்கீலுக்கு அது போதும். தம்பி கிடைக்க மாட்டார். கல்யாணம் நின்னுடும். அவ்வளவுதான் நடக்கும். வழி இருக்குங்கறதைச் சொல்லிடறேன். சொல்லலைன்னா அது என் வேலைக்கு அழகில்ல."

அக்கா அவனைப் பார்த்தாள்.

"என்ன பாத்தாளாம் எங்க வீட்ல?"

ரேடியோ தந்தியைப் பார்த்தான். தந்தி சொன்னாள்.

"ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு துண்டு."

"எண்ணினாளா?"

"ஒவ்வொரு தடவையும்."

சக்கரம் நின்றது. அக்கா கைகளை மடியில் துடைத்தாள். விரல் நுனிகளில் வெள்ளைப் பொடி.

"அவளை நான் திட்டாத நாளில்ல. இன்னொருத்தனைக் கட்டிக்கறதுக்காக என் தம்பியைக் கொல்றான்னு. நான் என்ன செஞ்சேன்? வேலைக்குப் போனேன், வந்தேன். காத்துக்கிட்டிருந்தேன். அவ தேடியிருக்கா."

வெளியே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். மாலை வெளிச்சம் தரையில் பட்டையாக விழுந்தது.

"வந்தவ" என்றாள் அக்கா, "நான் இருக்கறப்ப இன்னொரு தடவை வந்திருக்கலாம்."

 

*

மறுநாள் காலை கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. மின்விசிறி ஒன்று ஓடியது. மற்றது ஓடவில்லை. மனுவைப் படித்தார்கள். தம்பியின் பெயர், தகப்பன் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த நாள். பல்பு வாங்கப் போனது அதில் இல்லை.

"உடன்பிறந்தவர் வந்திருக்கிறாரா?" என்றார் நீதிபதி.

அக்கா எழுந்தாள். கையில் தொட்டி இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டாள்.

"மனு மீது உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

பின்வரிசையில் ரேடியோ முன்னே சாய்ந்தான். தம்பி மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து விறைத்திருந்தது.

"இல்ல."

"சத்தமாச் சொல்லுங்கம்மா. பதிவாகணும்."

அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லீங்க."

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் முடிந்தது. ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

தாழ்வாரத்தில் வக்கீல்கள் நடந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவர் ஒரு தூணருகே நின்றிருந்தார். மெலிந்த மனிதர். கையில் இரண்டு பேருடைய பைகள். கிட்டே வரவில்லை. வரக்கூடாது என்று தெரிந்தவர் போலிருந்தது.

"மேடம், நம்ம கட்சிக்காரருக்குத் தோல்வி" என்றான் ரேடியோ மெதுவாக. "துப்பு மட்டும் ஜெயிச்சிடுச்சு. இதை எந்தக் கணக்குல சேக்கறது?"

"வாயை மூடு."

அக்கா படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். அவசரமில்லாத நடை. போய்ச் சேர வேண்டிய இடத்தில் யாரும் இல்லாதவர்களின் நடை. பின்னாலிருந்து காலடி கேட்டது.

"அண்ணி."

அக்கா நின்றாள். திரும்பினாள்.

தம்பி மனைவி நான்கடி தள்ளி நின்றிருந்தாள். கூப்பிட்ட வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அந்த வார்த்தைக்கு அவளிடம் இருந்த உரிமையைச் சற்றுமுன்தான் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த முத்திரையைக் கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

"கூப்பிட்டாச்சுல்ல" என்றாள் அக்கா. "என்னன்னு சொல்லு."

"ஒண்ணுமில்ல." அவள் கண்களைத் தாழ்த்தினாள். "கூப்பிட்டுப் பாத்தேன்."